அடுக்கப்படாத வாக்குமூலம்

பதிலி பொய் சொல்லாது. வழக்கறிஞர் சங்கரபாண்டியன் அன்று அந்த ஒன்றை மட்டுமே நம்பி நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்.

சங்குமுனைச் சிறார் நீதிமன்றத்தின் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. சாட்சிக் கூண்டில் மனிதர் எவரும் இல்லை. ஒரு மேசையும், அதன் மேல் தலையணை அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியின் குரல் ஆணுடையதும் அன்று, பெண்ணுடையதும் அன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே ஒரு முறை சொன்னவற்றை அது வைத்திருந்தது. கேட்டால் சொல்லும். அவள் சொல்லாத ஒன்றைக் கேட்டால், "அவர் அதைச் சொல்லவில்லை" என்று கூறி நிறுத்திக்கொள்ளும்.

"கனம் நீதிபதி அவர்களே, சட்டத்த நான் குறை சொல்ல வரல," என்று சங்கரபாண்டியன் தொடங்கினார். "முன்னாடியெல்லாம் அந்தப் பிள்ளைங்கள போலீஸ்ல ஒரு தடவ, ஆஸ்பத்திரில ஒரு தடவ, கோர்ட்ல நாலு தடவன்னு திரும்பத் திரும்பச் சொல்ல வச்சோம். அது கொடும. இப்ப கேட்பாளர்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும்; அப்புறம் யாரு கேட்டாலும் பதிலிதான் சொல்லும். நல்ல சட்டம். அதனாலதான் நானும் பதிலிகிட்டயே கேக்கேன்."

"கேளுங்க," என்றார் நீதிபதி ஆமினா. மெலிந்த உருவம், பேனாவை மூடாமலேயே கேட்கும் வழக்கம் உடையவர்.

"அகாடமி அணி கோப்ப ஜெயிச்சது என்னைக்கு?"

"நவம்பர் பதினான்கு, திங்கட்கிழமை," என்றது பதிலி.

"பொருள் அறையில அந்தச் சம்பவம் நடந்தது?"

"கோப்பை வென்ற பிறகு வந்த வெள்ளிக்கிழமை. மாலைப் பயிற்சி முடிந்தபின், கோப்பையைத் துடைப்பதற்காகப் பயிற்சியாளர் அவரைப் பொருள் அறைக்கு அழைத்தார்."

"அதுக்கு முன்னாடி எப்பவாவது?"

"பதிவில் அவ்வாறு இல்லை."

சங்கரபாண்டியன் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். கைப்பந்து அகாடமியின் பயிற்சியாளர் நடேசன் நவம்பர் பதினைந்து முதல் இருபத்தாறு வரை சென்னையில் ஒரு முகாமில் இருந்தார். இரயில் பயணம், விடுதி வருகை, முகாமின் காலை மாலைக் கைரேகைப் பதிவு ஆகிய யாவும் அதில் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் வரிசையில் அமர்ந்திருந்த நடேசன் தம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பதிலி பொய் சொல்லாது," என்றார் சங்கரபாண்டியன். "எங்க கட்சிக்காரர் ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருக்கவும் முடியாது. இதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்?"

நீதிபதி வழக்கை வியாழக்கிழமைக்கு ஒத்திவைத்தார்.

இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஞானசௌந்தரி எழுந்திருக்கவில்லை. சங்குமுனையின் மூத்த கேட்பாளர் அவர். பதினோரு ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அவர் முன் அமர்ந்து தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பாளர் அலுவலகம் முன்பு ஒரு தொடக்கப்பள்ளியாக இருந்த கட்டடத்தில் இயங்கியதால் பிள்ளைகள் அவரை "டீச்சர்" என்றே அழைத்தார்கள்; அவரும் மறுத்ததில்லை. ஜெனிட்டாவின் வாக்குமூலத்தைக் கேட்டவரும், பதிலியில் முத்திரையிட்டவரும் அவர்தாம்.

அரசு வழக்கறிஞர் தாணுமாலயன் தம் அறைக் கதவைச் சாத்தியதும் நாற்காலியில் சரிந்தார்.

"போச்சு மேடம். அகாடமில திங்கக்கிழம அவனத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிடுதோம்னு கடிதமே அடிச்சு வச்சிருக்காங்களாம். அங்க இருபத்து நாலு பொண்ணுங்க இருக்கு."

"தெரியும்."

"பிள்ள தேதிய மாத்திச் சொல்லிட்டாளா?"

"பிள்ளை தேதியே சொல்லலை, தாணு. வெள்ளிக்கிழமைன்னு மட்டும்தான் சொன்னாள்."

"பின்ன பதிலி எப்படி..."

"அந்தக் கோப்பை அன்னைக்கு ஜெயிச்ச கோப்பைதான்னு முடிவு செஞ்சவள் நான்."

தாணுமாலயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞானசௌந்தரி தம் கைப்பலகையை மேசைமேல் வைத்து அவர் பக்கம் திருப்பினார். பிள்ளைகள் நேர்கோட்டில் பேசுவதில்லை. பாதியில் தொடங்குவார்கள், வீட்டுநாயைப் பற்றிச் சொல்வார்கள், அழுவார்கள், விட்ட இடத்துக்கு வராமலேயே எழுந்துவிடுவார்கள். அவர்கள் சொன்னதைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாளும் வேளையும் பார்த்து வரிசைப்படுத்துவது கேட்பாளரின் வேலை. அதற்கு அடுக்குதல் என்று பெயர். மாநிலத்தில் ஞானசௌந்தரியின் அடுக்குகளைப் பார்த்தே புதிய கேட்பாளர்கள் பயின்றார்கள். ஜெனிட்டாவினுடையவை அறுபத்து மூன்று துண்டுகள். கோப்பை வென்ற நாளைப் பற்றிய துண்டையும் பொருள் அறையைப் பற்றிய துண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் அவர். வைத்தபோது, சிக்கல் அவிழ்ந்த நிறைவு ஒன்று தமக்கு ஏற்பட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"ரெண்டுலயும் கோப்பைன்னு வந்துது. சேத்தேன். சேர்ந்துது," என்றார்.

"வேற வழியில்ல மேடம். பிள்ளைய வரச் சொல்லுவோம். கேக்கத்தான் கூடாது, அவளா வந்து சொல்லலாம்லா? அஞ்சு நிமிஷம்."

"ஒரு தடவைதான்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டு அவளை உட்கார வச்சேன். பிரிவு பதினேழு இருக்கே?"

தாணுமாலயனுக்கு அந்தப் பிரிவு தெரியும். பயன்படுத்தியவர் எவரும் இல்லை. அடுக்கியதில் தவறு நேர்ந்தது என்று கேட்பாளரே கூண்டில் ஏறி உறுதிமொழியுடன் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் இசைவு தர வேண்டும். அதன்பின் நீதிமன்றம் ஆணையிட்டால் பதிலி அடுக்கைக் களைந்துவிட்டு, சொல்லப்பட்ட வரிசையிலேயே சொல்லும்.

"அவள் சொன்னதுல வேற என்ன இருக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாத் துண்டும் இருக்கு. அவ எந்த வரிசையில சொன்னாள்ங்கிறது இல்லை. முத்திரை போட்டதும் என் பலகையிலருந்து அது அழிஞ்சிரும். பதிலியோட அடியில மட்டும்தான் இருக்கும்."

"மேடம், நல்லா யோசிங்க. நீங்க தப்பு பண்ணேன்னு ஒரு தடவ சொன்னா, மீதி முந்நூத்திப் பதினொண்ணு கேஸையும் தூக்கிட்டு வருவானுவ. உள்ள கெடக்கவன்ல பாதிப் பேரு அப்பீல் போடுவான்."

அந்த முந்நூற்றுப் பதினொருவரில் பலருடைய முகங்கள் அவருக்குத் தெரியும். சிலருக்குத் திருமணமாகிவிட்டது. ஒருத்தி கப்பலில் பொறியாளர்.

"தப்பு இருந்தா அடுக்குனதுல இருக்கும். சொன்னதுல இருக்காது," என்றார் கடைசியில். "பிள்ளைங்க சொன்னதை நம்பித்தான் பதினோரு வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்தேன். எனக்கு நஷ்டம் வருதுன்னு இப்ப நம்பாம இருக்க முடியுமா? மனுவை எழுதுங்க. தேதியைச் சரியாப் போடுங்க."

ஜெனிட்டாவுக்கு இப்போது பதினாறு வயது. துறைமுகக் குடியிருப்பின் பின்புறத் திடலில், வேறொரு சங்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தாள். மாலை நாலரை மணி. அவள் அம்மா விமலி ஐஸ் ஆலை வேலை முடிந்து, காதுவரை சுற்றிய கம்பளித் துண்டை அவிழ்க்காமலேயே திடலோரம் நின்றிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. கேஸு முடிஞ்சிட்டா?"

"இல்லை விமலி. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பந்தை இடுப்பில் அணைத்தபடி ஜெனிட்டா வந்தாள். ஞானசௌந்தரி நின்றுகொண்டே சொன்னார். அவள் சொன்னதைத் தாம் அடுக்கியபோது பிழை நேர்ந்துவிட்டது; அதனால் எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிட்டது; அடுக்கைக் களைய அவளுடைய இசைவு வேண்டும். எந்தத் துண்டு, என்ன பிழை என்பவற்றைச் சொல்லவில்லை.

"எதை மாத்தி வச்சீங்க?" என்றாள் விமலி. "சொல்லுங்க, இவளே சொல்லிருவால்லா. ஒரு நிமிஷ வேல."

"அதைச் சொல்லக் கூடாது, விமலி. சொன்னா நான் மறுபடியும் கேட்ட மாதிரி ஆயிரும்."

கேட்க வேண்டியது நான்கே சொற்கள்: நீ துடைத்தது எந்தக் கோப்பை? கேட்டிருந்தால் விடை அந்த நொடியே கிடைத்திருக்கும். ஞானசௌந்தரி உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

"அப்ப நான் கோர்ட்டுக்கு வந்து மறுபடி சொல்லணுமா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"வேண்டாம்."

"வரணும்னு சொன்னாலும் வர மாட்டேன். வியாழக்கிழம எனக்கு மேட்ச் இருக்கு."

"நீ மேட்சுக்குப் போ."

"நீங்கதான தப்பா அடுக்குனீங்க? நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்த வக்கீலு கேக்கதுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லுங்க."

"ஏட்டி, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்று விமலி அவள் தோளில் தட்டினாள்.

"பேசட்டும். சரியாத்தான் பேசுறா," என்றார் ஞானசௌந்தரி.

ஜெனிட்டா பந்தைக் கீழே போட்டாள். பின் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அவர் நீட்டிய பலகையில் பதித்தாள்.

"அவன் திங்கக்கிழம அகாடமிக்குத் திரும்பி வாரான்னு சொல்லுதாங்க. அங்க என் செட்டுப் பிள்ளைங்க இருக்கு, டீச்சர். இந்த வாட்டி சரியாப் பண்ணுங்க."

"பண்றேன்."

"தோத்துட்டு வந்து நிக்காதீங்க, என்ன!" என்று சொல்லிவிட்டு அவள் வலைக்குத் திரும்பினாள். அடுத்த பந்தை அடித்த வேகத்தில் அது திடலைத் தாண்டி ஒரு மீன் வண்டிக்குள் விழுந்தது. வண்டிக்காரர் திட்டிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஞானசௌந்தரி சாட்சிக் கூண்டில் ஏறினார். பதிலி இருந்த மேசை அவருக்கு இடப்பக்கம் நகர்த்தப்பட்டிருந்தது. சங்கரபாண்டியன் மகிழ்ச்சியை மறைத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, உங்க முத்திரையில என்ன எழுதியிருக்கு?"

"'ஒவ்வொரு சொல்லும் பாதிக்கப்பட்டவருடையது' என்று எழுதியிருக்கிறது."

"உண்மையா?"

"சொற்கள் அவருடையவை. வரிசை என்னுடையது."

"அது முத்திரையில இருக்கா?"

"இல்லை. இருந்திருக்க வேண்டும்."

"அப்ப பொய் முத்திர போட்டிருக்கீங்க."

"முழுமையில்லாத முத்திரை போட்டிருக்கிறேன்."

"முந்நூத்திப் பன்னெண்டு தடவயா?"

"ஆம்."

சங்கரபாண்டியன் விடவில்லை. அடுக்கும்போது தூக்கக் கலக்கமா, அவசரமா, பயிற்சியாளர்மீது முன்பகையா, அரசு வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்து இன்று பேசுகிறாரா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். இரண்டேமுக்கால் மணி நேரத்தில் ஒரே கேள்வி ஏழு விதமாக வந்தது. நான்காம் முறை அதே கேள்வி வந்தபோது, அது நின்றால் போதும் என்பதற்காகவே வேறு விடை சொல்லிவிடலாமா என்ற எண்ணம் ஞானசௌந்தரிக்கு எழுந்தது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, சட்டம் அறிந்தவர், மடியில் அவருடைய சொந்தக் குறிப்புகள் இருந்தன. பதினான்கு வயதில் இவை எவையுமின்றி இந்தக் கூண்டில் நின்றவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். விடையை மாற்றவில்லை.

"சரி," என்று சங்கரபாண்டியன் கடைசி அம்பை எடுத்தார். "முத்திர போடுறதுக்கு முன்னாடி, அடுக்குனத அந்தப் பிள்ளைக்கே வாசிச்சுக் காட்டணும். அது விதி. காட்டுனீங்களா?"

"காட்டினேன்."

"தலையாட்டுச்சா?"

"ஆட்டினாள்."

"பின்ன வரிசையும் அவங்க வரிசைதானேம்மா! இன்னைக்கு மாத்துனா அது மாத்திச் சொல்லுதது, களையிறது இல்ல." அவர் பதிலியின் பக்கம் திரும்பினார். "வாசிச்சுக் காட்டுனப்போ அவங்க என்ன சொன்னாங்க?"

"அவர் சொன்னது," என்றது பதிலி. "'டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.'"

ஞானசௌந்தரி அந்த வாக்கியத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தார். கேட்டபோது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது.

நீதிபதி ஆமினா எழுதுவதை நிறுத்தினார். "பதிலி, வேற யாரைப் பத்தியாவது இதே மாதிரி அவங்க சொல்லியிருக்காங்களா?"

"ஒரு முறை. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.'"

சங்கரபாண்டியன் தம் காகிதங்களைப் பார்த்தார். நீதிபதி ஞானசௌந்தரியைப் பார்த்தார். ஞானசௌந்தரி பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அந்தத் தலையாட்டலை இந்த நீதிமன்றம் இசைவா எடுத்துக்காது," என்றார் நீதிபதி. "பாதிக்கப்பட்டவரோட இசைவு இப்ப பதிவுல இருக்கு. அடுக்கைக் களையலாம். பதிலி, அவங்க சொன்ன வரிசையிலேயே சொல்லுங்க."

பதிலி அடுக்கைக் களைந்தது. பின் பேசியது. குரல் மாறவில்லை, ஆனால் வழவழப்பான அந்த அறிக்கை நடை போய்விட்டது.

"'டீச்சர், என் ஷூ அங்கயே கெடக்கு. யாராச்சும் எடுத்துத் தருவாங்களா? அம்மாகிட்ட தொலஞ்சிட்டுன்னு சொல்லியிருக்கேன். ஒரே தூசி டீச்சர், அந்தக் கோப்பையில. கையெல்லாம் ஒட்டுச்சு. தொடச்சுக் குடுன்னு சொன்னாரு. வெறுங்கால்ல ஓடி வந்தேன். தொலச்சிட்டேன்னு சொல்லு, புதுசு தாரேன்னாரு. திங்கக்கிழம புதுசு தந்தாரு. அது கடிக்கும். அதப் போட்டுட்டுத்தான் ஃபைனல் ஆடினேன். எங்க வீட்டு நாய்க்கு...'"

"நிறுத்துங்க," என்றார் நீதிபதி.

ஞானசௌந்தரி கூண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். தூசியைப் பற்றிய வாக்கியத்தை 'அறையின் தோற்றம்' என்ற தலைப்பில் வைத்தவர் அவர். காலணியைப் பற்றியவற்றைச் சிதறலாக, 'தொடர்பற்றவை' என்று கடைசியில் வைத்தவரும் அவர். புதிய காலணி கடித்ததை 'விளையாட்டு' என்று வேறோர் இடத்தில் வைத்திருந்தார். அவள் சொன்ன வரிசையில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. நான்கு நாளுக்கு முன் வென்ற கோப்பையில் கை ஒட்டும் அளவுக்குத் தூசி படியாது. அது பழைய கோப்பை. அறை முதலில், அதன்பின் புதிய காலணி, அதன்பின்தான் இறுதி ஆட்டம்.

தாணுமாலயன் அதற்குள் எழுந்திருந்தார். "கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பு ஆவணம் நாலைப் பார்க்க அனுமதி வேணும்."

"நாலு என்னது?"

"அகாடமியோட பொருள் வழங்கு பதிவேடு. பயிற்சியாளர் பிள்ளைகளை எவ்வளவு அக்கறையாப் பாத்துக்கிட்டாருன்னு காட்டுறதுக்காக வக்கீல் அண்ணாச்சியே தாக்கல் பண்ணது."

சங்கரபாண்டியன் தாமே பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடினார். கண்டுபிடித்தார். வாசிக்கவில்லை. நீதிபதி கை நீட்டியதும் கொடுத்துவிட்டு அமர்ந்தார்.

"அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை," என்று நீதிபதி உரக்க வாசித்தார். "ஜெனிட்டாவுக்கு ஒரு ஜோடி காலணி. காரணம்: பழையது தொலைந்தது. வழங்கியவர் கையெழுத்து, நடேசன்." அவர் தலையை உயர்த்தினார். "அந்தத் திங்களுக்கு முன்னால வெள்ளிக்கிழமை அக்டோபர் பதினாலு. அன்னைக்கு உங்க கட்சிக்காரர் எந்த ஊர்ல இருந்தார், வக்கீல் சார்?"

நடேசன் சங்கரபாண்டியனின் காதில் ஏதோ சொல்லக் குனிந்தார். சங்கரபாண்டியன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

மதியம் தாணுமாலயனின் அறையில் ஞானசௌந்தரியின் கைப்பலகை ஒருமுறை ஒலித்தது; ஜெனிட்டா தன் ஆட்டத்தின் புள்ளிகளை அனுப்பியிருந்தாள். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது, இருபத்தைந்துக்கு இருபத்தொன்று என்று மட்டும் வந்திருந்தது. அவளுடைய வாக்குமூலத்தைப் பற்றி அவர் "நிற்கிறது" என்று ஒரு சொல்லை எழுதி அனுப்பினார்.

குற்றச்சாட்டின் தேதி திருத்தப்பட்டது. மூன்று வாரம் கழித்து நடேசனுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அகாடமியின் பொருள் அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள்.

தீர்ப்பு நாளன்றே ஞானசௌந்தரி தம் முத்திரையைக் கேட்பாளர் ஆணையரிடம் ஒப்படைத்தார். முந்நூற்றுப் பதினொரு வாக்குமூலங்களையும் மறுபார்வைக்கு உட்படுத்த வேண்டுமென்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். இசைவு தந்தவர்களின் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. முதல் நாற்பதில் இரண்டு தவறுகள் அகப்பட்டன. ஒன்று எதையும் மாற்றவில்லை. மற்றொன்றினால் ஒருவனுடைய மேல்முறையீடு ஏற்கப்பட்டு அவன் பிணையில் வெளியே வந்தான். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஞானசௌந்தரி தாமே சென்று செய்தியைச் சொன்னார். அவள் கதவைத் திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள். மறுவாரம் அவளே ஆணையர் அலுவலகத்துக்கு வந்து, "நான் சொன்னபடியே கேளுங்க, நிக்கும்," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு ஜெனிட்டா கேட்பாளர் அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். பள்ளிச் சீருடை, இரண்டு பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது.

"டீச்சர், இவ அகாடமி இல்ல. எங்க தெரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நான் என்னன்னு கேக்கல," என்றாள் ஜெனிட்டா.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"நில்லும்மா," என்றார் ஞானசௌந்தரி. "என்கிட்ட சொல்லாதே."

அவள் முகம் சுருங்கியது. ஜெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. "என்ன டீச்சர் இது! எவ்வளவு நேரம் பேசிக் கூட்டிட்டு வந்திருக்கேன் தெரியுமா?"

"என்கிட்ட இப்ப முத்திரை இல்லை. என்கிட்ட சொன்னா இவ இன்னொரு தடவை சொல்ல வேண்டி வரும்." அவர் குனிந்து அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேராகத் தம் முகத்தைக் கொண்டுவந்தார். "நீ சொல்றதைக் கேக்க வேண்டியவங்க உள்ளே இருக்காங்க. பேரு நாச்சியார். அவங்ககிட்ட ஒரு தடவை சொன்னாப் போதும். எனக்கும் சேத்துத்தான்."

"நீங்க வருவீங்களா?"

"உள்ளே வரக் கூடாது. வாசல்ல இருப்பேன்."

அந்தப் பெண் ஜெனிட்டாவின் முழங்கையை விட்டாள். "எதுலருந்து சொல்லணும்?"

பதினோரு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு ஞானசௌந்தரி ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருந்தார். முதலில் இருந்து வரிசையாகச் சொல். அந்தச் சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன.

"உன் வாயில எது முதல்ல வருதோ, அது," என்றார்.

நாச்சியார் கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும்; ஞானசௌந்தரியிடம் பயின்றவள். அவளை நோக்கி ஏதேனும் சொல்ல ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டது.

கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. பிள்ளைகள் உள்ளே பேசும்போது அவர்களுடைய தாய்மார் அமர்ந்திருக்கும் இடம். ஞானசௌந்தரி அதில் இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். ஜெனிட்டா பக்கத்தில் அமர்ந்து காலை நீட்டினாள்.

"உள்ள என்ன சொல்லுதான்னு தெரியாம இருக்கது கஷ்டமா இருக்கா, டீச்சர்?"

"கஷ்டமாத்தான் இருக்கு."

"எங்கம்மா அன்னைக்கு நாலு மணி நேரம் இங்கன இருந்தா. பச்சத் தண்ணி குடிக்கல."

ஞானசௌந்தரி சாத்திய கதவைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போனப்புறமும் ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல." ஜெனிட்டா எழுந்து நின்றாள். "டீ வாங்கிட்டு வாரேன். சீனி போடலாம்லா?"

"அரை."

"எந்திரிச்சுப் போயிராதீங்க. அவ வெளிய வரும்போது யாராச்சும் இருக்கணும்."

"போக மாட்டேன்," என்றார் ஞானசௌந்தரி.